மூன்றாம் பக்கத் திருத்தம்

தீர்ப்பு அறுபத்தொரு பக்கம்.
எனக்கு ஒதுக்கிய இடம் இருநூறு சொல்.

காலையில் உச்ச நீதிமன்றம்,
கூரைமேல் வட்டத்தட்டு ஒன்று
இறங்கிவிட்டுக் கிளம்ப மறந்த கட்டடம்.
பின்வரிசையில் இருந்தேன்.
நீதிபதி நிதானமாகத்தான் வாசித்தார்:
ஆணை முறைப்படி பிறந்ததா என்பதே
எம்முன் உள்ள கேள்வி,
பிறந்திருக்க வேண்டுமா என்பதன்று.
வழக்கறிஞர் குவேக் பேனா மூடியைத் திறந்தார்,
மூடினார்,
திறந்தார், எதுவும் எழுதவில்லை.
மனு தள்ளுபடி.
பதினான்கு நிமிடம்.

இரவு, தோ பாயோ. ஆறிப்போன கோப்பி ஓ.
'தடுப்புக்காவல்' என்று தட்டுகிறேன்.
இந்தச் சொல்லுக்கு இரண்டு கை,
ஒன்று மறிக்கும், ஒன்று காக்கும்.
யாரை யாரிடமிருந்து என்று
சொல்லே சொல்லட்டும் என விட்டால்
வாய் திறக்காது.

நானும் ஒன்றும் துணிச்சல்காரி அல்ல.
போன மாதம் பிராடலில்
இருக்கைக்கடியில் கேட்பாரற்ற பை ஒன்றைக் கண்டு
பெட்டி மாறி நின்றவள்.
அடுத்த நிலையத்தில் ஒரு பையன் ஓடிவந்து
அதை எடுத்துக்கொண்டான்:
பூப்பந்து மட்டை, ஈரத்துண்டு.
அன்று யாராவது அவனைப் பிடித்து வைத்திருந்தால்
நன்றி சொல்லியிருப்பேன்.

பத்து நாற்பதுக்குத் தொலைபேசி.
"நேற்றுப் போட்ட செய்தியில்
வலவன் என்று இருக்கிறது.
என் தம்பி வளவன்."

அமைச்சின் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது.
அதில் ஒரே ஓர் எல்.
மூன்றில் எது என்று
நான்தான் முடிவு செய்தேன்,
யாரையும் கேட்காமல்,
கிடைத்த தகவலின் அடிப்படையில்.

"வேறு ஏதாவது தவறா?" தொழில் நாக்கு கேட்டது.
"வேறு எனக்கு என்ன தெரியும்?
லிஃப்ட் பழுது பார்ப்பவன். முப்பத்தொரு வயது.
ராத்திரி என்ன படித்தான், யாரோடு எழுதிக்கொண்டான்,
அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்.
தெரிந்ததைத்தானே திருத்த முடியும்."

இன்று தானும் அங்கே இருந்ததாகச் சொன்னாள்.
எனக்கு முன்வரிசை.
ஒரு நீலக் கொண்டை ஊசி நினைவுக்கு வந்தது,
பதினான்கு நிமிடமும் அசையாத ஒன்று.

"சனிக்கிழமை பார்க்கப் போவேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்ததும்
முதலில் கேட்பான், யார் யார் விசாரித்தார்கள் என்று.
பெரியப்பா விசாரித்தார் என்பேன்.
கீழ்மாடி மிஸ்டர் ஓங் விசாரித்தார்,
பழைய முதலாளி விசாரித்தார்.
அத்தனையும் பொய்.
யாரும் விசாரிக்கவில்லை."

என் திரையில் தலைப்பு மின்னுகிறது.
'விசாரணையின்றி' நீளம்,
பத்திக்குள் அடங்கவில்லை,
எடுத்துவிடலாமா என்று
பக்க வடிவமைப்பாளர் ருக்சானா
குறிப்பு அனுப்பியிருக்கிறாள்.
இருக்கட்டும், எழுத்தைச் சிறிதாக்கு என்றேன்.
அன்றிரவு என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்,
இரண்டு புள்ளி அளவு.

"நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."
எப்படி வாயில் வந்ததோ.
மறுமுனையில் காகிதம் தேடும் ஓசை.
"பொய்யில்லாமல் ஒன்று சொல்லலாம் இந்த வாரம்.
பெயர் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.
எந்த ல என்று சரியாகச் சொல்லுங்கள்."

அச்சுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.
ஒன்பது நிமிடத்தில்
எத்தனை பெயர் சொல்லலாம்.
பக்கம் போக வேண்டும், பிறகு அழைக்கிறேன் என்றேன்.
"சரி," என்றாள். பழகிய குரல்.

மூன்றாம் பக்கம், கீழ் இடது மூலை,
வானிலைக்கு மேலே:

திருத்தம். செவ்வாய்க்கிழமைச் செய்தியில்
வலவன் என்று வந்ததை
வளவன் என வாசிக்கவும்.
தவற்றுக்கு வருந்துகிறோம்.